கோட்டில்லாத மாமன்

கான்ஸி
ஆகஸ்ட் 4

என் அக்காள் ஈன்ற ஒரே அரசி திதிமாலோவுக்கு,

கலஹாரி மணல் முழுவதற்கும் முடிசூடாத சக்கரவர்த்தியும், கான்ஸியில் நோய் சோதிக்க மாடுகளை அடைக்கும் தனிமைத் தொழுவத்தின் தலைமைக் கதவுக்காரனும், ராக் சங்கீத உலகத்தில் இடிக்கொம்பன் என்று சொன்னால் ஒலிபெருக்கிகளே தொடை நடுங்கும் புகழ் கொண்டவனுமாகிய உன் தாய்மாமன் மொடீசா எழுதுவது. நான் நலம். உன் நலத்தைக் கேட்டால் பொய் சொல்வாய், ஆகையால் கேட்கவில்லை.

உன் கைபேசியை உன் மாமியார் மா-கெலெபிலே சர்க்கரை டப்பாவோடு சேர்த்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாளாம். துக்கம் காக்கிற பெண்ணுக்குப் பேச்சு எதற்கு என்கிறாளாம். தீவன லாரி ஓட்டும் நம் பாறாங்கல் வந்து சொன்னான். (அவனுக்கு அவன் அம்மா வைத்த பெயர் வேறு. ராக் கூட்டத்தில் சேர்ந்த பிறகு அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறான்.) பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நாளிலிருந்து பேனாவைத் தொடாத இந்தக் கை, உனக்காக இன்று தொட்டிருக்கிறது. பேனா மூர்ச்சை போடாமல் இருப்பதே ஆச்சரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புருஷன் கெலெபிலேயை அடக்கம் செய்து வருஷம் முடிந்துவிட்டது, உன் துக்கக் கறுப்பை அவிழ்க்க வேண்டும், அதற்குத் தாய்மாமன் வந்து சபையில் உட்கார்ந்து "எங்க பொண்ணைக் குடுங்க" என்று கேட்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். சரி. கூடவே கெலெபிலேயின் பெரியப்பா கபோரெக்வே ஒரு வாலைச் சேர்த்திருக்கிறார்: "கோட்டுப் போட்டுக்கிட்டு வரணும்."

ஆண்பிள்ளை கோட்டில்லாமல் சபையில் உட்காரக் கூடாது என்பது நம் ஊர்ச் சட்டம். நான் என்றைக்காவது மீறினேனா? அடக்கத்தன்று நம் பக்கத்து ஜூன் குளிரில், ஆணி பதித்த என் கறுப்புத் தோல்கோட்டில், அதே மாதிரி தோல் போட்ட என் கூட்டாளிகளோடு வந்து மரியாதையாக நின்றேன். அந்த மனுஷன் என்ன சொன்னார்?

"இது கோட்டு இல்ல. மாட்டைக் கொன்னதும் இல்லாம அது முதுகுல ஆணி வேற அடிச்சிருக்கீங்க."

"உங்க கோட்டு மட்டும் மரத்துல காய்ச்சதா? ஆட்டு மயிர்தானே?" என்றேன்.

"ஆடு உசுரோட இருக்குல்ல?"

"வெறும் உடம்போட இருக்குது, பாவம்!"

சபையில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இடித்த இறைச்சி மாதிரி ஆகிவிட்டது. "இந்தத் தோலோட இனி என் முற்றத்துல கால் வைக்காதே" என்றார். "தோல் இல்லாம நான் எங்கயும் கால் வைக்கிறதில்ல" என்றேன். ஊரே கேட்டது.

ஆகையால் நாளைக்கே வரத் தயார், என் கோட்டில். அவரிடம் சொல்.

இப்படிக்கு,
மலைகளை மூக்குப்பொடியாக்கும்
மாமன் மொடீசா


கராகுபிஸ்
ஆகஸ்ட் 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் மா-கெலெபிலேயின் கண் எட்டாத இடம் அது ஒன்றுதான். ஆடு பற்றிய வரியில் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக அழுதேன். அடக்கத்தன்று அதே வரிக்கு ஊர் சிரித்தபோது நான் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தேன். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவரிடம் சொல் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் எப்படிச் சொல்வேன்? பெரியவர்களிடம் நானாகப் பேச்சை எடுக்கக் கூடாது. யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. பாதையின் நடுவில் நடக்கக் கூடாது. சூரியன் சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வருஷம் முடிந்தும் இதெல்லாம் முடியவில்லை, ஏனென்றால் அவிழ்க்க நீங்கள் வரவில்லை. சூரியன் மறைவதை நான் கடைசியாக வெளியே நின்று பார்த்தது கெலெபிலே இருக்கும்போது.

மா-கெலெபிலே என்னை அடிப்பதில்லை, பட்டினி போடுவதில்லை. நல்ல கறித்துண்டை என் தட்டில் வைக்கிறாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள், நான் வெளியே போக அவள் எழுந்திருக்க வேண்டும். "எங்கம்மா போற?" என்று கேட்பாள். கேள்வி அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது எங்கும் போவதற்கு முன்பே எனக்கு அலுத்துவிடுகிறது.

உங்கள் தொழுவத்து மாட்டைப் பூட்டினால் அதற்கு வெளியேறும் நாள் ஒன்று எழுதி வைப்பீர்கள் அல்லவா? எனக்கு அதுவும் இல்லை.

இன்னொரு விஷயம். செப்டம்பரில் லெடிமோ ராக் குழுவினர் கான்ஸி மாட்டு ஏலக்களத்தில் வாசிக்கிறார்களாம். பாறாங்கல் சொன்னான். மாவுனில் நான் கூடாரம் தைக்கிற வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர்களைக் கெலெபிலேயோடு போய்ப் பார்த்தேன். அவர்களுக்கு ஆளைத் தின்னும் பூதத்தின் பெயர் வைத்தது சரிதான். திரும்பி வரும்போது எங்கள் இரண்டு பேரையுமே காணவில்லை.

எனக்காகப் போய்ப் பாருங்கள் மாமா. பார்த்துவிட்டு எழுதுங்கள். கோழி கத்துவதைத் தவிர வேறு எதையும் நான் கேட்டு வெகுநாளாகிறது.

திதிமாலோ


கான்ஸி
ஆகஸ்ட் 20

கோழிகளின் மகாராணிக்கு,

எதை வேண்டுமானாலும் கேள், திதி. சிங்கத்தின் கடைவாய்ப் பல்லைக் கேள், பிடுங்கி வருகிறேன், சிங்கத்துக்கு வலிக்காமல். கச்சேரிக்கு மட்டும் போகச் சொல்லாதே. நான் கச்சேரித் துறவி. மூன்று வருஷமாக ஒன்றுக்கும் போகவில்லை.

ஏன் என்று கேட்பாய். கேள்.

மதியம் ஆரம்பம் என்று போடுவார்கள். மதியம் போனால் ஒருவன் தரையில் குனிந்து ஒலிபெருக்கிக் கம்பி தேடிக்கொண்டிருப்பான். அவனை எனக்கு இருபது வயதிலிருந்து தெரியும், இன்னும் அதே கம்பியைத்தான் தேடுகிறான். பிறகு மைக்கில் "ஒன்னு, ரெண்டு, ஒன்னு, ரெண்டு" என்பான். மூன்று வரைக்கும் எண்ணத் தெரிந்த ஒருவனை இந்தத் தேசம் இதுவரை பெற்றுத் தரவில்லை. பிறகு மாமிசக் கடை முதலாளி வந்து தன் கடையைப் பற்றிப் பேசுவார். பிறகு வாசிக்கிறவர்கள் வருவார்கள், அந்தி வேளையில் கறுப்புக் கண்ணாடியோடு. பழைய பாட்டையே, போன தடவை தப்பிய இடத்திலேயே தப்பி வாசிப்பார்கள். "கான்ஸி, கத்துங்க!" என்பார்கள். எதற்குக் கத்துவது? நெருப்பா பிடித்திருக்கிறது? கடைசியாகப் போன கச்சேரியில் நான் விட்ட கொட்டாவி இருக்கிறதே, உள்ளே இரண்டு தூக்கணாங்குருவிகள் எட்டிப் பார்த்து, கூடு கட்ட இடம் தோதுதானா என்று பேசிக்கொண்டன. வாயை மூடினால் பாவம் என்று வீடு வரைக்கும் திறந்தபடியே வந்தேன்.

அந்த ஒலி ஒரு காலத்தில் என்னைக் கொம்பில் தூக்கி எறிந்தது உண்மை. இப்போது அது என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறது, பழைய கடன்காரன் மாதிரி. போய் நின்று ஒன்றும் தோன்றாமல் திரும்புவதைவிட, போகாமல் இருப்பது மேல்.

உனக்கு எழுதப் பொய் வேண்டுமானால் சொல், போகாமலே பிரமாதமாக எழுதுகிறேன்.

மாமன்


கராகுபிஸ்
ஆகஸ்ட் 30

மாமாவுக்கு,

பொய் வேண்டாம். பொய் இங்கே நிறைய இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கவில்லை. கச்சேரிக்குப் போவதில்லை. பாட்டு உங்களை ஒன்றும் செய்வதில்லை. கூட்டாளிகளோடு ஊர்வலம் நடப்பதும் விட்டாகிவிட்டது என்று பாறாங்கல் சொல்கிறான். அப்படியானால் அந்தத் தோல்கோட்டு எதற்கு? அது உங்கள் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. அதே ஆணியில் என்னையும் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

நான் கறுப்புப் போட்டிருப்பது வேறு வழியில்லாமல். நீங்கள் போட்டிருப்பது வீம்புக்கு. இரண்டும் ஒரே கறுப்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மழை விழுந்தால் கபோரெக்வே பெரியப்பா மாட்டுப்பட்டிக்குப் போய்விடுவார். போனால் அடுத்த குளிர்காலம்வரை திரும்பமாட்டார். அவர் இல்லாமல் சபை கூடாது, சபை கூடாமல் கறுப்பு அவிழாது. கூடாரப் பட்டறையில் என் இடத்தை அக்டோபர் முடிய வைத்திருப்போம், அதற்குமேல் முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். நேற்று மா-கெலெபிலே என் அறைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கி வந்தாள். "இங்கதானே இருக்கப் போற, பளிச்சுனு இருக்கட்டும்" என்றாள்.

சுண்ணாம்பு வாசனையில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

திதிமாலோ


கான்ஸி
செப்டம்பர் 7

திதிமாலோவுக்கு,

கிடைத்தது. தொழுவத்துக்குப் புது மாடுகள் வந்திருக்கின்றன, வேலை அதிகம்.

மொடீசா


கான்ஸி
செப்டம்பர் 23

திதி, திதி, திதி,

உட்கார்ந்துகொள். கோழிகளையும் உட்காரச் சொல். போனேன்.

உனக்காகப் போகவில்லை. உன்மேல் கோபத்தில் போனேன். தோல்கோட்டு எதற்கு என்று கேட்டாய் அல்லவா? சனிக்கிழமை அதைத் துடைத்து, மாட்டினேன். ஏலக்களத்துக்குப் போய், முன் வரிசைக் கம்பியில் இடம் பிடித்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தலையை ஓர் அங்குலம் அசைத்தாலும் என் பெயர் மொடீசா இல்லை என்று கான்ஸியின் அத்தனை எருமுட்டைகள் மேலும் சத்தியம் செய்துகொண்டேன். நம் ஆட்கள் பெட்ரோல் பங்கிலிருந்து களம்வரை சங்கிலி கலகலக்க ஊர்வலம் வந்து, ஒவ்வொருவனும் என் கையைப் பிடித்துத் தோள்மூட்டு கழலும்வரை குலுக்கி, "இடிக்கொம்பா, நீ செத்துட்டேன்னு நெனச்சோம்!" என்றார்கள். "பாதி" என்றேன்.

கம்பி தேடுகிறவன் தேடினான். இரண்டு வரை எண்ணினான். மாமிசக் கடைக்காரர் பேசினார். நான் உள்ளுக்குள் உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன்: "பார்த்தாயா, நான் சொன்னேன் அல்லவா..."

அப்போது லெடிமோ வந்தார்கள். ஆளைத் தின்னும் பூதம் என்றாயே! நாலு ஒல்லிகள். பாடுகிறவனைப் பார்த்தால் வரி அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவன் மாதிரி இருந்தான், மூக்கில் சோடா பாட்டில் அடி மாதிரிக் கண்ணாடி. அவன் நேராகக் கம்பிக்கு வந்தான். முன்வரிசையில் எல்லார் முகத்தையும் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி என் கட்டிய கைக்குள் செருகினான்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் பத்திரமா வச்சுக்கங்க. இது இல்லாட்டா மாவுனுக்கு வழி தெரியாது எனக்கு."

"என்கிட்ட ஏன்டா குடுக்குற?"

"நீங்கதான் ஆடமாட்டீங்க போல இருந்துச்சு."

பார், அவமானத்தை! நான் வாயைத் திறப்பதற்குள் முரசுக்காரி அடித்தாள். அந்த முதல் அடி என் காதில் விழவில்லை, திதி. முழங்காலில் விழுந்தது. கான்ஸியில் அந்த நொடியில் பிறந்த கன்றெல்லாம் நாலு காலிலும் நின்றபடியே பிறந்திருக்கும். தூசி எழுந்தது, எழுந்த தூசி இறங்க மறந்து நின்றது. பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும் என் முதுகில் வந்து மோதியது. என் கையிலோ கண்ணாடி. கட்டிய கையை அவிழ்க்காமல் எப்படிக் காப்பாற்றுவது? இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன். தூக்கிய கையைப் பார்த்து அந்தக் கூட்டம் நான்தான் முதலில் ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்து ஊளையிட்டது!

கண்ணாடி இல்லாத அந்தப் பயல் இருக்கிறானே, அவனுக்கு எதிரே என்ன இருக்கிறது என்றே தெரியாது. தெரியாததால் பயமும் இல்லை. மாடு ஏற்றும் சாய்தளத்தில் ஓடி ஏறினான், அது முடிந்த பிறகும் ஓடினான், காற்றில் சிறிது தூரம் போய், பாடியபடியே எங்கள்மேல் விழுந்தான், தூக்கி விட்டோம், கம்பியில் ஏறினான், வேறு பக்கம் விழுந்தான். ஒரு வரி தப்பவில்லை. புதுப் பாட்டு, ஒன்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத பாட்டை நான் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தேன்! அடிநாதக் கிட்டார் வாசித்த பெண் சிரித்துக்கொண்டே வாசித்தாள், அப்படி ஒருத்தியை என் ஆயுளில் பார்த்ததில்லை. இந்தச் சங்கீதத்தில் சிரிப்பது பெருங்குற்றம் என்றல்லவா எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

இனி வருவதைக் கவனமாகப் படி. ராக்காரன் கொதித்தாலும் தோலைக் கழற்றமாட்டான். அது எங்கள் வேதம். மயங்கி விழுந்தவனைக்கூடத் தோலோடுதான் தூக்கிப் போவோம். ஆனால் ஒரு பாட்டு முடிந்து மூச்சு வாங்கும்போது குனிந்து பார்க்கிறேன், நான் ஓட்டைப் பனியனில் நிற்கிறேன். என் தொப்பை எனக்கு முன்னால் தனியாகக் குதித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி நசுங்காமலிருக்கக் கோட்டில் சுற்றிக் கம்பிக்கு அடியில் வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. கழற்றிய ஞாபகமே இல்லை. யாரும் என்னைப் பார்த்து, "நீ ராக்காரன் இல்லை" என்று சொல்லவில்லை. பாறாங்கல் என் தொப்பையில் ஓர் அறை விட்டு, "இவ்வளவு நாளா இதைத்தான் ஒளிச்சு வச்சிருந்தீங்களா?" என்றான். அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அங்கே அசைய இடமில்லை. ஒருவன் மூச்சை விட்டால்தான் அடுத்தவன் இழுக்க முடியும். ஆனாலும் அடைபட்டிருக்கிறோம் என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து உன் அறையும் சுண்ணாம்பும் ஞாபகம் வந்தன. அதற்குப் பிறகு இரண்டு பாட்டு நான் குதிக்கவில்லை.

முடிந்ததும் அவன் தட்டுத் தடுமாறி வந்து கோட்டோடு மூட்டையாக வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஞாயிறு காலை தேடிப் போனேன். வண்டி பெட்ரோல் பங்கில் நின்றது. உள்ளே அவன் என் கோட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், கை நுனி முழங்காலைத் தொட, மூக்கில் கண்ணாடியோடு. எழுப்பிக் கேட்டால் கொடுத்திருப்பான். வண்டி டயரை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் உன் மாமியாரிடம் சொல், கபோரெக்வேயிடம் சொல்லச் சொல்: நாள் குறியுங்கள், மொடீசா வருகிறான்.

உன்னை அவிழ்த்ததும் அடுத்த வேலை முடிவாகிவிட்டது! நவம்பர் தொடக்கத்தில் லெடிமோ மாவுனில் வாசிக்கிறார்கள். நானே வந்து உன்னைக் கூட்டிப் போவேன். என் வலப்பக்கம் நிற்கிறாய், நான் முழங்கையால் அரண் கட்டுகிறேன். முடிந்ததும் பத்திரமாகக் கொண்டுவந்து விடுகிறேன். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பனியன் சக்கரவர்த்தி,
மாமன்


கராகுபிஸ்
அக்டோபர் 1

மாமா,

படித்துவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குதித்தேன். கறுப்புப் பாவாடையோடு, சத்தம் வராமல். சத்தம் வராமல் குதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. மா-கெலெபிலே பார்த்துவிட்டாள்.

"பாம்பாம்மா?" என்றாள்.

"ஆமாம்மா."

தடியை எடுத்து வந்து கூட்டை முழுக்கக் கிளறினாள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். அதைப் பார்த்தபின் என்னால் குதிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை என்று குறித்திருக்கிறார்கள். மேற்கே மேகம் கூடுகிறது, பெரியப்பா வண்டியில் பாதிச் சாமான் ஏற்றிவிட்டார். அன்று தவறினால் வேறு நாள் இல்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தோலோட வந்தா வாசல்லயே திருப்பி அனுப்புவேன். கோட்டு இல்லாம வந்தாலும் உட்கார விடமாட்டேன். சட்டம் எல்லாருக்கும்தான்."

துணிக்கோட்டு ஒன்று யாரிடமாவது வாங்கிப் போட்டு வாருங்கள். உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திதிமாலோ


கான்ஸி
அக்டோபர் 9

திதிக்கு,

கான்ஸியில் உள்ள கோட்டுகள் அனைத்தும் என்னை நேர்காணல் செய்து நிராகரித்துவிட்டன. பாதிரியாரின் கோட்டில் ஒரு கைதான் நுழைந்தது. இரண்டாவது கையைப் பார்த்ததும் அது ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டது. பள்ளித் தலைமையாசிரியரின் கோட்டு பொத்தானைத் துப்பியது, அது இந்நேரம் நமீபியா எல்லையைத் தாண்டியிருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குக் கோட்டுத் தைக்கிறவர் யாரும் இந்த ஊரில் இல்லை. புதிதாகத் தைக்க நாள் இல்லை.

சட்டையோடு வருகிறேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உட்கார விடாவிட்டால் நிற்கிறேன். எருது நிற்கவில்லையா?

வாயைத் திறக்கமாட்டேன். இது சத்தியம். எருமுட்டைமேல் இல்லை, உன் அம்மாமேல்.

மாமன்


மாவுன்
அக்டோபர் 29

மாமாவுக்கு,

என்னிடம் இப்போது கைபேசி இருக்கிறது. ஆனாலும் இதைக் கூப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. நீங்கள் குறுக்கே பேசுவீர்கள்.

அந்தச் சனிக்கிழமை வெளியே நடந்தது உங்களுக்குத் தெரியும். உள்ளே நடந்தது தெரியாது. நானும் மா-கெலெபிலேயும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

"கோட்டு எங்க?" என்றார் பெரியப்பா.

"இல்லைங்க."

"அந்தத் தோலு?"

"அதுவும் இல்லைங்க."

அவர் தோலுக்குத்தான் பேச்சுத் தயார் பண்ணி வைத்திருந்தார். வெறும் சட்டைக்கு அவரிடம் ஒன்றும் இல்லை. "சட்டையோட உட்கார முடியாது" என்று மட்டும் சொன்னார். நீங்கள் "தெரியுங்க, நிக்கிறேன்" என்றீர்கள். நின்றீர்கள். பெரியவர்கள் நாற்காலியில், நீங்கள் வேலிக்கு வெளியே வெயிலில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பெரியப்பா மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் மாமனுக்கு ஏன் வாய் ஓடல?" என்று மா-கெலெபிலே என் காதில் கேட்டாள்.

"தெரியலைம்மா."

"அன்னைக்கு ஊரையே வாயால தூக்கினானே. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"பேசவும் மாட்டேங்கிறான், போகவும் மாட்டேங்கிறான்" என்றாள். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நீங்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றீர்கள். அவள் சாவியை எடுத்தாள்.

கெலெபிலேயின் பெட்டி. என் கறுப்பு அவிழ்ந்து, எல்லார் முன்னாலும் பங்கு பிரிக்கும்போதுதான் அதைத் திறக்கலாம் என்பது வழக்கம். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். திறந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு அவன் போட்ட பழுப்புக் கோட்டை எடுத்தாள். முகத்தில் வைத்து மூச்சு இழுத்தாள். என்னிடம் நீட்டவில்லை.

"தோள் பத்துமா?"

"பத்தாதும்மா."

"பத்தாட்டி தையல் பிரியட்டும்."

படிவரை போய் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்: "நீயும் போயிட்டா இந்த வீட்டுல அவன் பேரைச் சொல்ல யார் இருக்கா?"

அந்த ஒரு வருஷம் முழுக்க அவளுக்குச் சொல்ல மனதில் நிறைய பதில் சேர்த்து வைத்திருந்தேன். அதில் எதையும் எடுக்கவில்லை. "கெலெபிலேயோட அம்மான்னு அவன் பேரைச் சொல்லித்தானேம்மா ஊரே உங்களைக் கூப்பிடுது" என்றேன். அவள் கோட்டை ஒரு தடவை உதறினாள். வெளியே போனாள். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்ததுதான்: அவளே வேலியைத் திறந்ததும், உங்களுக்குக் கை நுழைத்துவிட்டதும், பெரியப்பா நாற்காலியைக் காட்டியதும். நீங்கள் உட்கார்ந்தபோது முதுகுத் தையல் பிரிந்த சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. திரும்பி வந்த மா-கெலெபிலே சால்வையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு என் கறுப்பை அவிழ்க்கக் கத்தரிக்கோல் எடுத்தாள்.

மறுநாள் மழை பெய்தது.

இங்கே பட்டறையில் என் பழைய இயந்திரத்தையே கொடுத்திருக்கிறார்கள். ஆற்றுப்பக்கம் ஓர் அறை எடுத்திருக்கிறேன். அதற்கு வாசற்படி இல்லை.

சனிக்கிழமை கச்சேரி. நீங்கள் பாறாங்கல்லோடு லாரியில் வந்து என்னைக் கூட்டிப் போவதாகவும், வலப்பக்கம் நிற்க வைப்பதாகவும், முடிந்ததும் கொண்டுவந்து விடுவதாகவும் மூன்று பேரிடம் சொல்லியனுப்பிவிட்டீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை மாமா. நீங்கள் வெயிலில் நின்றதை நான் பார்த்தேன். நீங்கள் வந்து கேட்காமல் அந்த வீட்டிலிருந்து நான் வெளியே வந்திருக்க முடியாது, அது சட்டம், அதில் குறையில்லை. ஆனால் இனி ஒரு இடத்துக்குப் போக ஒருவர் வந்து கேட்க வேண்டும், ஒரு இடத்திலிருந்து திரும்ப ஒருவர் கொண்டுவந்து விட வேண்டும் என்பது எனக்கு வேண்டாம். வலப்பக்கமும் வேண்டாம்.

நீங்கள் வாருங்கள், ஆடுங்கள். நானும் வருவேன், எங்கே நிற்பேன் என்று சொல்லமாட்டேன். தேடாதீர்கள். பாட்டு நடுவில் திரும்பிப் பார்த்து என் தலை தெரிகிறதா என்று எண்ணாதீர்கள்.

இருட்டிய பிறகுதான் அறைக்குத் திரும்புவேன், நடந்து, பாதையின் நடுவில். யாரும் வரவேண்டாம்.

திதிமாலோ